தினமும் பதினாறு கிளிக்

பிப்ரவரி 3, இரவு

அக்கா,

போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் குற்றம் என் பல்லுடையது.

போனில் பேச வழியில்லை. போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. நீ வேலைக்குப் போன அன்று அவர் சொன்னது உனக்கே தெரியும்: "போறவ போகட்டும். இந்த வீட்ல இனிமே அவ பேச்சு வேண்டாம்." அம்மாகூட உன்னைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுகிறாள். பதிலை என் வகுப்புச் சோடாப்புட்டியின் வீட்டு முகவரிக்குப் போடு. அவள் கண்ணாடி எவ்வளவு தடிமனோ அவ்வளவு நம்பிக்கையானவள்.

பிறந்தநாளுக்கு உன் ஃபேக்டரியிலிருந்து நீ அனுப்பிய ரைபிள் ஸ்கோப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கோபப்படாதே. அது சரியில்லை என்று நினைக்கிறேன்.

பள்ளித் துப்பாக்கி சுடும் அணியில் தினமும் காலையில் பத்து மீட்டரில் தொடங்குவோம். என் முதல் ஐந்து குண்டும் வட்டத்துக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில், ஏதோ அங்கேயே குறி வைத்த மாதிரி விழுகின்றன. ஸ்கோப்பின் திருகை மேலே ஏற்றிச் சரிசெய்தால் அப்புறம் அன்று முழுக்கச் சரி. மறுநாள் காலையில் மறுபடி கீழே. கோச் மேடம் எல்லார் முன்னாலும், "சுண்டெலி, ட்ரிகரை இழுக்கச் சொன்னா பிடுங்குற. முதல் குண்டுன்னா உனக்குப் பயம்" என்கிறார். தேர்வுப் போட்டியில் பழகிப் பார்க்கக் குண்டு கிடையாது. முதல் குண்டிலிருந்தே கணக்கு. இப்படியே போனால் என் இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிடுவாராம்.

பயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயம் தினமும் ஒரே இடத்தில் ஓட்டை போடுமா?

ரைபிள் கிளப்பிலேயே பூட்டில் இருக்கும். ஸ்கோப்பை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, கூடத்து அலமாரியின் மேல்தட்டில் நீ விட்டுப்போன நீலப் பைக்குள் ஒளித்துவைக்கிறேன். உன் கையெழுத்துள்ள பரிசோதனைச் சீட்டும் அதோடு இருக்கிறது.

அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. ராத்திரிக்குக் கடையை மூடினாலும் அடுப்பு ரிப்பேர்க்காரர் அடுப்பு ரிப்பேர்க்காரர்தான். அடுப்புத் திருகு, குழாய், ஃபேன் ரெகுலேட்டர் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து மூடாமல் படுக்கமாட்டார். இப்போது அலமாரி கிறீச்சென்றது. நாளைக்குச் சட்டை எடுக்கிறார் போல. டார்ச்சை அணைக்கிறேன்.

சுண்டெலி


பிப்ரவரி 8

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடிவிட்டேன்.

"சரியில்லை என்று நினைக்கிறேன்." நினைப்பாவது! இங்கே ஒரு நாள் முழுக்க என் வேலையே, திருகைத் திருப்பினால் உள்ளே குறுக்குக்கோடு சொன்ன அளவு நகர்கிறதா, திருப்பின வழியே திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான். உனக்கு அனுப்பியதை இரண்டு முறை பார்த்தேன். அது தப்பு என்றால் நான் தப்பு. ஆகவே நினைக்காதே, அளந்து பார்.

கிளப்பில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஸ்கோப்பை மட்டும் துணி சுற்றி ஒரு வைஸின் இரும்புத் தாடைக்குள் இறுக்கு. மலை அசைந்தாலும் அது அசையக் கூடாது. பத்து மீட்டருக்கு அப்பால் சுவரில் ஒரு கிராஃப் தாளை ஒட்டு. பத்து மீட்டரில் திருகின் ஒரு கிளிக்குக்கு ஒரு மில்லிமீட்டர். அதற்கு மேல் கணக்கே வேண்டாம். குறுக்குக்கோடு தாளின் கீழ்க்கோட்டில் நிற்கட்டும். நூறு கிளிக் ஏற்று. பத்து சென்டிமீட்டர் ஏறினால் என் கையெழுத்து சரி. பிறகு நூறு இறக்கு. கிளம்பிய கோட்டுக்கே வரவேண்டும்.

ரைபிளில் மாட்டும்போது தினமும் ஒரே பள்ளத்தில்தானே மாட்டுகிறாய்? குண்டு நடுவில் விழும்போது திருகு எந்த எண்ணைக் காட்டுகிறது? இதற்கெல்லாம் பதில் எழுது.

அலமாரியில் இன்னும் எண்ணெய் போடவில்லையா? ஊர் அடுப்புக்கெல்லாம் எண்ணெய் போடுகிற மனிதர்.

அக்கா


பிப்ரவரி 12, இரவு

அக்கா,

திட்டாதே. அளந்துவிட்டேன். அளக்காமலே இருந்திருக்கலாம்.

அப்பாவின் கடையிலிருந்து சின்ன வைஸை எடுத்தேன். "எதுக்கு?" என்றார். "அறிவியல் செய்முறை" என்றேன். பொய் சொன்னதில் காது சூடாகிவிட்டது. அவர் வைஸின் பிடியைத் துடைத்துக் கொடுத்து, "இறுக்கினதைத் திரும்பத் தளர்த்தி வெச்சுட்டு வரணும்" என்றார்.

சுடும் கோட்டிலிருந்து சுவர் வரை டேப் பிடித்தோம். சரியாகப் பத்து மீட்டர். நூறு கிளிக் ஏற்றினேன். கோடு பத்து சென்டிமீட்டரில் நிற்கவில்லை, அதையும் தாண்டி மூன்றரை மில்லிமீட்டர் போனது! மூன்று தடவை செய்தும் அதேதான். அதோடு, நேராக ஏறாமல் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே ஏறியது. சோடாப்புட்டி பார்த்துவிட்டு, "உங்கக்கா ஸ்கோப் தண்ணி போட்டுட்டு நடக்குதுடி" என்றாள். அவளோடு ஒரு மணி நேரம் பேசவில்லை. அப்புறம் டேப்பைச் சுற்ற ஆள் வேண்டியிருந்தது, பேசினேன்.

மாட்டுவது ஒரே பள்ளம்தான். கோச் மேடமே திருகி இறுக்குகிறார். எண்ணை நான் பார்ப்பதில்லை. காதால் எண்ணுவேன். சின்ன வயதில் கடையில் நாம் கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டர் எத்தனை தட்டு திரும்பியது என்று பந்தயம் கட்டுவோமே, நான்தானே எப்போதும் ஜெயிப்பேன். பத்து மீட்டரிலிருந்து முப்பதுக்குப் பதினாறு கிளிக் ஏற்றம். தினமும் முப்பதில்தான் முடிப்போம். அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவேன். காலையில் பதினாறு இறக்கினால் பத்து மீட்டர். எனக்கு எண்ணே வேண்டாம்.

உன் மேலதிகாரியிடம் எதுவும் சொல்லிவிடாதே. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சுண்டெலி


பிப்ரவரி 17

சுண்டெலிக்கு,

சொல்லிவிட்டேன். நீ "மூன்றரை மில்லிமீட்டர்" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், உன் ஸ்கோப்போடு சேர்ந்து வந்த சரக்கையெல்லாம் பேக்கிங்கிலிருந்து திரும்பக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் ஊசி நுனி மாதிரிச் சரி. எங்கள் சூப்பர்வைசர் இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, தங்கச்சி லெட்டர் வந்திருக்கா? லைனை நிறுத்திடவா?" என்று கேட்கிறார். சிரிப்பதற்கு இங்கே ஒரு கூட்டமே இருக்கிறது.

அப்புறம்தான் புத்தி வந்தது. அடி மக்கே, டேப்பை எங்கிருந்து பிடித்தாய்? சுடும் கோட்டிலிருந்து. வைஸ் எங்கே இருந்தது? மேஜையில். மேஜை கோட்டுக்குப் பின்னால்தானே இருக்கும்! உன் பத்து மீட்டர் பத்து மீட்டரே இல்லை. திருகு இருக்கும் இடத்திலிருந்து தாள் வரை அள.

சாய்வதற்குக் காரணம், நீ வைஸில் கோணலாக இறுக்கியிருக்கிறாய். ஒரு நூலில் நட்டைக் கட்டித் தாளின் மேல் தொங்கவிடு. நூல் பொய் சொல்லாது. ஸ்கோப்பின் நிற்கும் கோட்டை நூலோடு ஒட்டவைத்து, பிறகு இறுக்கு.

எண்ணைப் பார்ப்பதில்லையாம்! எண் எதற்குப் போட்டிருக்கிறது? அழகுக்கா? ஒவ்வொரு எண்ணுக்கும் வெள்ளை நிரப்புவதற்கு இங்கே ஒருத்தி கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காது கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ தூங்கும்போது காதும் தூங்கும்.

அக்கா


பிப்ரவரி 21, இரவு

அக்கா,

நூறுக்கு நூறு! கோடு நூலைப் பிடித்துக்கொண்டு, படி ஏறுகிற மாதிரி ஏறி, பத்து சென்டிமீட்டர் கோட்டின் மேல் போய் நின்றது. இறக்கினால் கிளம்பிய இடம். வலம், இடம், மேல், கீழ் என்று சதுரமாகச் சுற்றவிட்டுப் பார்த்தேன், ஒரு மயிரிழை பிசகவில்லை. சோடாப்புட்டி மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் இல்லை, ஸ்கோப்பிடம்.

நீ சரி, ஸ்கோப்பும் சரி. அதனால்தான் இன்று அழுதேன். இன்று காலையும் முதல் ஐந்தும் கீழே. அப்படியென்றால் தப்பு என்னிடம்தான். கோச் மேடம் சொன்னதுதான் நிஜம். நான் பயந்தாங்கொள்ளி. சனிக்கிழமை போட்டி. அதற்கு முன்னால் நானே போய், "என்னை எடுத்துடுங்க மேடம்" என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அவராக எடுத்தால் அவமானம் தாங்காது.

அலமாரி கிறீச்சென்றது. இந்த மனிதருக்கு எத்தனை சட்டை?

சுண்டெலி


பிப்ரவரி 24

சுண்டெலிக்கு,

சூப்பர்வைசர் இன்று நம் ஊருக்குப் போகிறார், இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அதனால் சுருக்கமாக.

கோச்சிடம் வாயைத் திறக்காதே. எவ்வளவு கீழே விழுகிறது என்று அளந்தாயா? பதினாறு மில்லிமீட்டர் இருந்தால், அது பயமில்லை. பயத்துக்குக் கணக்குத் தெரியாது.

இன்று இரவு ஸ்கோப்பைப் பைக்குள் வைக்குமுன் திருகில் என்ன எண் என்று கண்ணால் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொள். காலையில் மறுபடி பார். சூப்பர்வைசர் நாளை காலை திரும்பும்போது சோடாப்புட்டி வீட்டுக்கு வருவார், பதிலை அவரிடமே கொடு.

அக்கா


பிப்ரவரி 25, காலை

அக்கா,

இரவு ஒன்றைத் தாண்டி ஆறு கோடு, அதாவது பதினாறு கிளிக். உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது.

காலையில் பூஜ்யம்.

பை ஜிப் போட்டபடியே இருந்தது. பழைய ஓட்டைகளை அளந்தேன், பதினாறு மில்லிமீட்டர்தான். தானாகத் திரும்புமா? சோடாப்புட்டி, "உங்க வீட்ல ஆவி இருக்கு, அதுக்குத் துப்பாக்கி பிடிக்கல" என்கிறாள். இன்று இரவு நான் எப்படித் தூங்குவேன்?

சுண்டெலி


பிப்ரவரி 25, மாலை

சுண்டெலி,

எந்தத் திருகும் தானாகத் திரும்பாது. அப்படித் திரும்பினாலும் பூஜ்யத்தில் போய் அழகாக நிற்காது. ஏற்கெனவே பூஜ்யத்துக்கு வந்துவிட்டதை நீ காலையில் மறுபடி பதினாறு இறக்குகிறாய், அதனால்தான் பதினாறு மில்லிமீட்டர் கீழே விழுகிறது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் படித்தேன். முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். என் நீலப் பையை ஜிப் போட்டு மூடிவைக்கிற ஆவி, திறந்த திருகைக் கண்டால் பொறுக்காத ஆவி, உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது. அதற்குச் செருப்புச் சத்தம் உண்டு.

எங்கள் சரக்கு வண்டி இப்போதே நம் ஊர் வழியாகப் போகிறது, டிரைவர் இதைச் சோடாப்புட்டி வீட்டில் கொடுத்துவிடுவார். இன்று தூங்காதே. அலமாரி கிறீச்சென்றால் எழுந்து போ. பயப்படாதே, போ.

அக்கா


மார்ச் 1, இரவு

அக்கா,

எங்கே ஆரம்பிப்பது!

அன்று இரவு செருப்புச் சத்தம் சமையலறைக்குப் போனது, குளியலறைக்குப் போனது, கூடத்துக்கு வந்தது. கிறீச். என் நெஞ்சு அடித்த அடியில் கட்டில் ஆடியது. ஆனாலும் எழுந்து போனேன்.

அப்பா ஜன்னலோரம் நின்று, ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்து, அக்கா! பெரிய கண்ணாடிப் பக்கத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு.

"அப்பா."

அவர் திடுக்கிட்டாலும் ஸ்கோப்பைப் பத்திரமாகத்தான் பிடித்திருந்தார். "தூங்கலையா?"

"நீங்க?"

"திறந்து கெடந்துச்சு. மூடினேன்."

"எது?"

"இந்தத் திருகுதான். தினம் ராத்திரி திறந்தே போட்டுட்டுப் போற. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"அது கேஸ் திருகு இல்லப்பா!"

"எந்தத் திருகா இருந்தா என்ன? பூஜ்யம்னு போட்டிருக்கில்ல? எதுக்குப் போட்டிருக்கு, அழகுக்கா?"

உன் வார்த்தை, அப்படியே! ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேருக்கு நடுவில் நான் இத்தனை நாள் டார்ச்சைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவும் அவருக்குக் கோபம் வந்தது. பதினாறு மில்லிமீட்டர் கதையைச் சொன்னேன். கோபம் போய் முகம் வெளுத்துவிட்டது. "நான் மூடினதாலயா நீ தினமும் திட்டு வாங்கின?" என்று மூன்று தடவை கேட்டார்.

பிறகு ஸ்கோப்பைத் திரும்பிப் பார்த்து, "ஆனாலும் இது என்ன கருவி? பக்கத்துல இருக்கறதெல்லாம் தூரமாத் தெரியுது" என்றார். நான் அவர் கையிலேயே அதைத் திருப்பிப் பிடித்தேன். எதிர்க்கடைப் பலகையின் எழுத்து கண்ணுக்குள் வந்து குதித்தது போல. "அடேயப்பா!" என்று ஒரு கத்து. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"இதை அவதான் செக் பண்ணினாளா?"

நான் பையில் சீட்டைத் தேடினேன். காணோம். அவர் சட்டைப்பையிலிருந்து, போனுக்குப் பின்னாலிருந்து, அதை எடுத்தார். மடித்து மடித்து நாலு ஓரமும் தேய்ந்துபோயிருக்கிறது. "கையெழுத்து மாறல. கடைசி எழுத்துக்கு இன்னும் வாலை இழுத்துத்தான் விடுறா" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, காதோடு வைத்து, பதினாறு கிளிக்கும் ஏற்றி இறக்கினார். "ஆட்டமே இல்ல. நல்ல கை" என்றார். அப்பா ஒரு பொருளை நல்லது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அறைக்குள்ளிருந்து அம்மா, "பேசி முடிச்சிட்டுப் படுங்க. மாசக்கணக்கா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் நடமாட்டம், எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள்.

இப்போது போட்டி. நீ காத்திருப்பாய் என்று தெரியும். முதலில் பத்து மீட்டர். பயம் போகவில்லை, அக்கா. எண்ணைப் பார்த்தேன். பூஜ்யம். காதாலும் எண்ணினேன், கண்ணாலும் பார்த்தேன். முதல் ஐந்தும் விழுந்தன, வட்டத்துக்குள்! முப்பது மீட்டரில் ஒன்று தவறியது, அது காற்று. நான்கு பேர் அணியில் நான் மூன்றாவது. கோச் மேடம் கட்டிப்பிடித்து, "இன்னைக்குத்தான் கண்ணைத் திறந்துட்டுச் சுட்டியா?" என்றார்.

அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்வரிசையில் நின்றார். நான் திருகைத் திருப்பும்போதெல்லாம் அவர் கையும் காற்றில் திரும்பியதாம். சோடாப்புட்டி பார்த்திருக்கிறாள்.

திரும்பி நடக்கும்போது அப்பா நீலப் பையின் ஜிப்பை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். அப்புறம், "கடையில ஒரு ரெகுலேட்டர் இருக்கு. எங்க லூஸுன்னு எனக்குப் பிடிபடல. லீவு கிடைச்சா அவளை வந்து பாக்கச் சொல்லு" என்றார்.

"போன்ல நீங்களே சொல்லுங்களேன்."

"நீ எழுதுறதுதான் எழுதுற. அதுலயே ஒரு வரி சேர்த்துக்கோயேன்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் தலையணைக்கடியில் டார்ச்சுக்குப் புது பேட்டரி. இந்தக் கடிதம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது பார்.

சுண்டெலி


மார்ச் 6

என் மூன்றாவது இடத்துக்காரிக்கு,

லீவு கேட்டேன். சூப்பர்வைசர், "ரெகுலேட்டர் லூஸுன்னா லீவு கேக்கற முதல் ஆளு நீதான்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்கா பிடிபடவில்லை? அப்படி ஒரு ரெகுலேட்டர் கடையில் இருக்கவே இருக்காது. நீ அதை அவரிடம் சொல்லிவைக்காதே. நான் வந்து ஒரு நாள் முழுக்கத் தேடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி வண்டி. வந்து சேர நேரமாகும். கதவைத் தட்டி எல்லாரையும் எழுப்பினால், வாசலில் நின்று என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கொஞ்சம் சுண்டெலிதான்.

அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேள். அந்த ஒரு ராத்திரி மட்டும் வாசல் கதவை மூடாமல் வைப்பாரா?

அக்கா


(வாசல் கதவில், கை வைத்துத் தள்ளும் உயரத்தில் ஒட்டியிருந்த தாள்)

அக்கா,

கேட்டேன். "கதவைத் திறந்து போட்டுட்டு எவனாவது தூங்குவானா?" என்றார். பிறகு தாழ்ப்பாளுக்கும் அலமாரிக்கும் எண்ணெய் போட்டார்.

கதவு திறந்துதான் இருக்கிறது. மெல்லத் தள்ளு. அப்பா அதற்குக் காவலாகக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அங்கேயே தூங்கிவிட்டார். அடுப்புத் திருகு, குழாய், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் இன்றைக்கு நான் மூடிவிட்டேன்.

நீ வந்ததும் தாழ் போட்டுவிடு.

சுண்டெலி